பாறணைப் பொங்கலில் கிங்கோக் கொட்டை

நவம்பர் இரண்டு, சனிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். ஆறு பாகை குளிர், தூறல், காற்று இல்லை. ஜெர்மனியின் ஆஹென் நகரில் என் மகன் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு கிங்கோ மரம் நிற்கிறது. முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அதனடியில் குனிந்து நான் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சள் நிறத்தில் சிறு நெல்லிக்காய் அளவுப் பழங்கள். மிதித்தால் யாரோ வாந்தியெடுத்த இடம்போல நாறும். தெருவில் எல்லோரும் எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தார்கள்.

முதல் மாடி ஜன்னலைத் திறந்து ஒரு மூதாட்டி ஆங்கிலத்தில் கேட்டார். "நகராட்சியிலிருந்து வருகிறீர்களா?"

"இல்லை. பண்ருட்டியிலிருந்து."

"யாராக இருந்தாலும் சரி. இரண்டு வருடமாகப் புகார் கொடுக்கிறேன். அந்தக் கார் நிற்கும் பக்கமும் எடுத்துவிடுங்கள்" என்று சொல்லி ஜன்னலை மூடினார். அந்தப் பக்கமும் எடுத்தேன்.

எண்ணெய்க்குக் காரணம் என் தொழில். பண்ருட்டியில் ஒரு முந்திரி ஆலையில் முப்பத்தொரு வருடம் தரம் பிரிப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். எங்கள் ஆலைப் பெண்கள் கைக்கு எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டுதான் உடைக்க உட்காருவார்கள். இந்தக் கிங்கோப் பழத்தின் சதையும் அதே மாதிரி புண்ணாக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆஹெனில் சாம்பல் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

நான் இங்கே வந்தது மகனுக்காக. ராகவனுக்கு முப்பத்து நான்கு வயது. பொறியாளன். மணமாகவில்லை, அது வேறு கவலை. கால்பந்து ஆடி முழங்கால் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. எனக்கு விசா கிடைத்து நான் வந்து சேரும்வரை பதினொரு நாள் அவனுக்குச் சோறு போட்டது மூன்றாம் மாடியில் இருக்கும் மலரக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். ஆனாலும் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பதினொரு நாளுக்கு எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். வேண்டுமானால் ஒன்று செய்யலாம் என்றார். ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில் ஒரு முருகன் கோவில் இருக்கிறது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்தவர்கள் ஏழாம் நாள் அங்கே கூடிச் சாப்பிட்டு விரதத்தை முடிப்பார்கள். அதற்குப் பாறணை என்று பெயர். சமையல் மலரக்கா பொறுப்பு. சர்க்கரைப் பொங்கலுக்குரிய முந்திரியை நான் உபயமாகக் கொடுக்கலாம்.

"கஜு உங்கட பொறுப்பு அண்ணை" என்றார். இவர்கள் முந்திரியைக் கஜு என்கிறார்கள். "ஐயர் மைக்கில உங்கட பேரைச் சொல்லுவார். பேந்து இல்லையெண்டு சொல்ல ஏலாது."

நான் பயப்படவில்லை. நானே பொறுக்கியெடுத்த முழுப் பருப்பு நான்கு கிலோ பெட்டியில் வந்திருந்தது. தீபாவளியன்று நான் தூங்கி எழுவதற்குள் மகன் அதை ஊன்றுகோலோடு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

"டீம்ல பதினாறு பேருப்பா. ஆளுக்குக் கால் கிலோ. கணக்கு கரெக்டா இருந்துச்சு" என்றான்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கடையில் இருநூறு கிராம் பாக்கெட் ஒன்று வாங்கிப் பிரித்து மேசையில் பரப்பினேன். நூற்று முப்பத்தேழு பருப்பு. முப்பத்தொன்று பிளந்தவை, எட்டு கருகியவை, மீதியில் மூன்று தரம் கலந்திருந்தது. என் பெயரை மைக்கில் சொல்லிவிட்டு இதைப் பொங்கலில் போடுவது முடியாத காரியம். அன்று மாலை என் தங்கை மகன் குமரவேல் பண்ருட்டியிலிருந்து பேசினான். சொந்தமாகச் சிறு முந்திரிப் பட்டறை வைத்திருக்கிறான்.

"மாமா, ஒரு வீடியோ பாத்தேன். ஜப்பான், சீனாவுல அந்தக் கிங்கோக் கொட்டைய வறுத்துத் திங்கறான், சூப்புல போடறான், கிலோ என்னமா விக்குது. உங்க ஊருல ரோட்டுல கெடக்குதாமே. வரும்போது ஒரு பத்து கிலோ பொறுக்கிட்டு வாங்க. நம்ம மிஷின்ல ஒடையுதான்னு பாக்கலாம்."

ஜெர்மனி அதற்குள் உங்க ஊர் ஆகியிருந்தது. எனக்கு அந்தக் கொட்டை பொங்கலுக்கும் ஆகும் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று பாகை, மூடுபனி. பழங்களைக் குளியலறை வாளியில் ஊறவைத்துச் சதையைப் பிசைந்து கழுவினேன். ஏழு தண்ணீர் ஆயிற்று. ராகவன் கதவைத் தட்டினான்.

"அப்பா, ஒடம்பு சரியில்லையா? வாமிட் பண்ணீங்களா?"

"இல்லை. கொட்டை கழுவுகிறேன்."

"ப்ளீஸ்பா, விண்டோவ ஓப்பன் பண்ணுங்க" என்றான். திறந்தேன். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் மூடிக்கொண்டது.

சதை போனால் உள்ளே வெளுத்த ஓடு. பிஸ்தா ஓட்டைவிட மெல்லியது, ஒரு பக்கம் விளிம்பு உண்டு. அந்த விளிம்பில் இடுக்கியை வைத்தால் ஒரே அழுத்தில் திறக்கிறது. முந்திரி இவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வேலை இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை உடைத்து, மண் சட்டி இல்லாததால் இரும்புத் தோசைக்கல்லில் கல்லுப்பைச் சூடாக்கி அதில் வறுத்தேன். பழுப்புத் தோல் உரிந்ததும் உள்ளே பச்சை மணிபோலப் பருப்பு வந்தது. கண்ணாடி மாதிரி இலேசாக ஒளி ஊடுருவும் பச்சை. முழுப் பருப்பு அறுநூற்றுப் பன்னிரண்டு தேறியது. சமையலறைத் தராசில் எண்ணூற்று அறுபது கிராம். ஒரு பவுண்டுக்கு முந்நூற்று இருபத்து மூன்று வருகிறது. எங்கள் தொழிலில் முந்நூற்று இருபது என்பது பேர்பெற்ற தரம். மூன்று பருப்பு வித்தியாசத்தை ஏற்றுமதிக்காரர்கள் கண்டுகொள்வதில்லை.

நான் வேதியியல் படித்தவன். ஒரு முந்திரியைத் தாளில் வைத்து நசுக்கினேன், எண்ணெய் வட்டம் விரிந்தது. உடைந்துபோன கிங்கோ ஒன்றை நசுக்கினேன், தாள் காய்ந்தே இருந்தது. ராகவனின் காயத்துக்குக் கொடுத்திருந்த அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விட்டேன், கறுநீலமாக மாறியது. ஆகவே கொழுப்பு மிகக் குறைவு, பெரும்பகுதி மாவு, கொஞ்சம் புரதம். சத்தின்படி இது முந்திரிக்கு உறவில்லை, பலாக்கொட்டைக்குத்தான் உறவு. ருசியும் அப்படித்தான். வேகவைத்த பலாக்கொட்டை, கடைசியில் சிறு கசப்பு. சர்க்கரை நோயாளி என்பதால் உடைந்தவற்றில் நான்கோடு நிறுத்திக்கொண்டேன். மகன் வாளியைப் பார்த்தவன் என்பதால் ஒன்றும் தின்னவில்லை.

மாவாக அரைக்கலாம், கஞ்சி காய்ச்சலாம், உப்புப் போட்டு வறுத்துப் பொட்டலம் கட்டலாம், கழுவிய தண்ணீரைச் செடிப் பூச்சிக்கு அடித்துப் பார்க்கலாம் என்று குமரவேலிடம் சொன்னேன். அவன் விலைப்பட்டியல் போட ஆரம்பித்துவிட்டான். நஞ்சைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. முந்திரியில் நஞ்சு ஓட்டில் இருக்கும், வறுத்தால் போய்விடும், உள்ளே பருப்பு சுத்தம். முப்பத்தொரு வருடம் அதைத்தான் பார்த்திருந்தேன். இதிலும் தோலைப் புண்ணாக்குவது வெளிச்சதை, அதைக் கழுவியாயிற்று, மேலே வறுத்தும் ஆயிற்று.

புதன்கிழமை டப்பாவை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனேன். மலரக்கா மூடியைத் திறந்து கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"இதென்ன அண்ணை, கஜு பச்சையாயிருக்கு?"

"கஜு இல்லை அம்மா. அதை மகன் தானம் செய்துவிட்டான். இது நம் தெருமுனை மரத்துக் கொட்டை."

"அந்த நாத்தம் பிடிச்ச மரமோ? அதுக்குக் கீழால மூக்கைப் பொத்திக்கொண்டெல்லோ நான் பஸ்ஸுக்குப் போறனான்."

சீனாவிலும் ஜப்பானிலும் விருந்தில் வைப்பார்கள் என்று விளக்கினேன். தராசுக் கணக்கையும் சொன்னேன். அவர் ஒன்றை முகர்ந்து பார்த்தார்.

"நான் விரதம். வாயில வைக்க ஏலாது. நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"நான்கு."

"உயிரோட இருக்கிறியள், அது காணும்" என்று மூடியைப் போட்டார். "எந்த மரமெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

வியாழன் மதியம் அவர் டப்பாவோடு ரயிலேறினார். அன்று சூரசம்ஹாரம், இரவு அவர் தங்கை வீடு, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோவில் சமையலறை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பாகை, வெயில். வலது காதுக்குப் பின்னால் எரிச்சலாக இருந்தது. இரண்டு கண்ணாடிகளை வைத்துப் பார்த்ததில் நான்கு கொப்புளம். கைக்கு எண்ணெய் தடவியவன் அதே கையால் காதைச் சொறிந்திருக்கிறேன். எட்டரைக்கு மருந்துக்கடை திறந்ததும் முதல் ஆளாகப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் ஞாபகசக்திக்கான கிங்கோ மாத்திரைகள் அடுக்கியிருந்தன. வெள்ளைக் கோட்டு அணிந்த நடுத்தர வயதுப் பெண் ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"எதைத் தொட்டீர்கள்?"

"கிங்கோ."

"இலையா, பழமா?"

"பழம். ஆனால் வறுத்துவிட்டேன்."

"காதில் படுவதற்கு முன்பா, பின்பா?"

யோசித்து, பின்பு என்றேன். களிம்பை எடுத்து வைத்தவர், கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "எதற்காக வறுத்தீர்கள்? சாப்பிடவா? எத்தனை சாப்பிட்டீர்கள்?"

"நான்கு. செவ்வாய்க்கிழமை."

"அப்படியானால் உங்களுக்கு ஒன்றுமில்லை. மேற்கொண்டு சாப்பிட வேண்டாம்."

வறுத்தால் நஞ்சு போய்விடுமே என்றேன். தலையை ஆட்டினார். தோலை எரிப்பது ஒன்று, பருப்புக்குள் இருப்பது வேறொன்று என்றார். உள்ளே இருப்பது உடம்பில் பி-ஆறு வைட்டமினை வேலைசெய்ய விடாமல் தடுக்கும். அதிகமானால் வாந்தி, பிறகு வலிப்பு. சூட்டை நம்பி அது போய்விட்டது என்று சொல்ல முடியாது. கிழக்கு நாடுகளில் பெரியவர்கள் ஒருசில பருப்போடு நிறுத்திக்கொள்வார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது, அவர்களுக்கு ஏழெட்டே ஆபத்தாகலாம்.

"மாத்திரையாக விற்கிறீர்களே."

"அது இலைச் சாறு. விதையில்லை. வீட்டில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது?"

"வீட்டில் இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு கோவிலில் இருக்கிறது. மதியம் சாப்பாட்டில் போடுகிறார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நஞ்சு அவசர உதவித் தொலைபேசி எண்ணைக் களிம்புப் பெட்டியின்மேல் எழுதிக் கொடுத்தார். காசு வாங்க மறக்கவில்லை.

மலரக்காவின் தொலைபேசி அணைந்திருந்தது. ஆறு முறை அழைத்தேன். கோவில் எண்ணில் பூசை நேரங்களைப் பதிவுக்குரல் படித்தது, சமையலறைக்கு வழி சொல்லவில்லை. நிலையத்துக்கு ஓடினேன். என் வயதில் ஓடுவது என்பது வேகமாக நடப்பவர்களுக்குச் சற்றுப் பின்னால் வருவது.

ரயில் நகர்ந்ததும் ராகவனை அழைத்தேன். அவன் காலுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்தான். முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான். "டென்ஷன் ஆகாதீங்கப்பா. நூத்தம்பது பேரு வருவாங்க. ஆவரேஜ் நாலு. நீங்களே நாலு தின்னு நல்லாத்தான இருக்கீங்க."

மகன் சொன்ன சராசரி எனக்குச் சிறிது நேரம் நிம்மதி தந்தது. பிறகு நம் வீட்டு இலைகள் நினைவுக்கு வந்தன. நம் ஆட்கள் யாராவது தன் இலையிலுள்ள முந்திரியைத் தானே தின்கிறார்களா? தாய் எடுத்துப் பிள்ளை இலையில் போடுவாள், தகப்பன் போடுவான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரென்று தெரியாத மாமாவும் போடுவார். பரிமாறுகிறவரும் குழந்தையைக் கண்டால் கரண்டியைக் கிளறி மேலாக அள்ளி வைப்பார். நூற்றைம்பது பேர் பங்கு இருபது குழந்தைகளிடம் போய்ச் சேரும். ஆளுக்கு முப்பது. மகனிடம் அதைச் சொன்னேன். அவன் சின்ன வயதில் எங்கள் எல்லோருடைய முந்திரியையும் தின்றவன்.

நான்காவது நிலையத்தில் ரயில் நீண்ட நேரம் நின்றது. எதிரில் இருந்த இருவர் பேசியபடி நாங்கள் உட்கார்ந்திருந்த ரயில்பெட்டியைக் கைகாட்டுவது தெரிந்தது. பக்கத்திலிருந்த மாணவியைக் கேட்டேன். மொழிபெயர்த்தாள். "முன்பாதி ரயில் நீங்கள் சொல்லும் ஊருக்குப் போகும். இந்தப் பின்பாதி வேறு ஊருக்குப் போகும். இங்கேதான் பிரிப்பார்கள். அவர் சொல்கிறார், போன மாதம் அவர் மாமியாரும் பின்பாதியில்தான் உட்கார்ந்திருந்தாராம்."

"பிறகு என்ன ஆயிற்று?"

"அவர் வருத்தப்படவில்லையாம்."

நான் இறங்கி நடைமேடையில் நடப்பதற்குள் முன்பாதி போய்விட்டது. நம் ஊரில் ரயில் தாமதமாக வரும், நின்றுவிடும், மாடு குறுக்கே வரும். ஆனால் முன்னால் ஓர் ஊருக்கும் பின்னால் ஓர் ஊருக்கும் போகிறேன் என்று சொல்லாது. அடுத்து வந்த விரைவு ரயிலில் ஏறிவிட்டேன். என் சீட்டு அதற்குச் செல்லாது. பரிசோதகர் அதை இருபுறமும் பார்த்தார்.

"இந்த ரயிலுக்கு இது போதாது. ஏன் ஏறினீர்கள்?"

விஷம் என்ற சொல்லை ரயிலில் சொல்லக்கூடாது என்று தோன்றியது. "சமையலில் ஒரு தவறு நடந்துவிட்டது" என்றேன்.

"அறுபது யூரோ" என்றார். கொடுத்தேன். மரியாதையான மனிதர், நல்ல பயணம் அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஒரு காலத்தில் கம்பளக் கிடங்காக இருந்த கட்டடம்தான் கோவில். இருபுறமும் டயர் கடைகள். நான் செருப்பைக் கழற்றும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். உள்ளே ஒலிபெருக்கியில் ஐயர் உபயகாரர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். "கஜு உபயம், இந்தியா பண்ருட்டியிலிருந்து வருகை தந்திருக்கும்" என்று என் பெயர் வந்தது. தரையில் வரிசையாகக் காகித இலைகள் போட்டாயிற்று. ஆறு நாள் பட்டினி கிடந்தவர்கள் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளை எண்ணினேன். இருபத்து மூன்று.

சமையலறையில் மலரக்கா இரண்டு பெண்களோடு பொங்கல் அண்டாவைத் தூக்கத் தயாராக நின்றார். மேலே என் பச்சைப் பருப்பு நெய்யில் பொரிந்து முழுவதும் தூவியிருந்தது. பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

"அம்மா, பரிமாறக் கூடாது" என்றேன்.

மூச்சு வாங்கியதால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. காரணத்தைச் சொன்னதும் அவர் அண்டாவின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"படைச்சாச்சு அண்ணை. சாமிக்கு வைச்சதைக் குப்பையில கொட்ட ஏலாது. வெளியில சனம் ஆறு நாளாச் சாப்பிடேல்லை. நான் என்னத்தைக் கொண்டுபோய்ப் போடுறது?"

ஐயரை அழைத்தார்கள். இளைஞர், வார நாட்களில் ஏதோ கிடங்கில் வேலை பார்க்கிறாராம். இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டார்.

"சாமி தன்ர பங்கைச் சாப்பிட்டுட்டார். அவருக்கு ஒண்டும் செய்யாது. நீங்கள் சனத்தைப் பாருங்கோ" என்றார். "பொங்கலை எறியாதேங்கோ, கொட்டையைப் பொறுக்குங்கோ. நான் இன்னும் நாலு பாட்டுப் பாடச் சொல்லுறன்."

நான்கு பேர் கரண்டியோடு அண்டாவைச் சுற்றி உட்கார்ந்தோம். நல்லவேளையாகப் பருப்பை மேலாகத்தான் தூவியிருந்தார்கள், உள்ளே கிளறவில்லை. பருப்பை வாழைப்பழச் சீப்பு வந்த அட்டைப்பெட்டியில் போட்டோம், பத்துப் பத்தாக நான் எண்ணினேன். வெளியே நான்கு பாட்டும் முடிந்து ஐந்தாவது ஆரம்பித்தது. யாரோ ஒருவர் கதவருகில் வந்து, "மலரக்கா, சூரன் திரும்பி எழும்பிட்டானோ? ஏன் சுணங்குது?" என்றார். "போய் இருங்கோ தம்பி, வாறன்" என்று மலரக்கா அவரை அனுப்பினார்.

ஐந்நூற்று எழுபத்தொன்று. அண்டாவைத் துழாவித் துழாவிப் பார்த்தும் அதற்குமேல் இல்லை. நாற்பத்தொன்று குறைந்தது.

"சாமிக்கு வைத்த இலையில்?" ஐயர் கொண்டுவந்தார். இருபத்து நான்கு.

"பதினேழு எங்கே?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் விரதமில்லை. பொரிக்கும்போது ஒருவர் ஐந்து தின்றிருந்தார், மற்றவர் மூன்று. "நல்லாத்தான் இருந்தது" என்றார் மூன்று தின்றவர். பெரியவர்கள், பாதகமில்லை. இன்னும் ஒன்பது.

மலரக்கா குனிந்து மேசையின் கீழே பார்த்தார். அங்கே அரிசிச் சாக்கின்மேல் பட்டுப்பாவாடையோடு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் கோப்பை. கோப்பையில் இரண்டு பச்சைப் பருப்பு.

"ஆரபி, மிச்சம் எங்கையம்மா?"

அவள் வயிற்றைக் காட்டினாள்.

"ஆர் தந்தது?"

"நானே எடுத்தனான். லெக்கர்" என்றாள். ருசி என்று அர்த்தமாம். ஐந்து வயது. ஏழு பருப்பு.

களிம்புப் பெட்டியிலிருந்த எண்ணுக்கு மலரக்கா பேசினார். நேரம், எண்ணிக்கை, குழந்தையின் எடை எல்லாம் கேட்டார்கள். எண்ணிக்கை உறுதியா என்று இரண்டு முறை கேட்டார்களாம். உடனே குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், பல மணி நேரம் கண்காணிக்க வேண்டும், போகும் முன் நாங்கள் அவர்களுக்குச் சொல்லிவைக்கிறோம் என்றார்கள். இலை முன்னால் உட்கார்ந்திருந்த ஆரபியின் தாயை எழுப்பி வந்தார்கள். சிறுமியைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினார். நானும் ஏறினேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. பாதி வழியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கிள், இது சாப்பிடலாம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒரு வீடியோவில் பார்த்ததாக என் தங்கை மகன்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மருத்துவமனையில் சிறுமியைக் கட்டிலில் படுக்கவைத்து விரலில் ஒரு கவ்வியை மாட்டினார்கள். வலிப்பு வந்தால் கொடுக்க ஊசி பக்கத்தில் தயாராக இருந்தது. தேவைப்பட்டால் அந்தத் தடைப்பட்ட வைட்டமினையே ஏற்றுவார்களாம். நான் நடைபாதை நாற்காலியில் இருந்து கதவின் கண்ணாடி வழியே அவள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையும்போதெல்லாம் எழுந்து நின்றேன். பெரும்பாலும் அவள் தானாக ஆட்டியதுதான். மூன்று மணிக்கு ஒருமுறை வாந்தியெடுத்தாள். தாய் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. அதன்பின் வாந்தி இல்லை. குமரவேல் இரண்டு முறை அழைத்தான், எடுக்கவில்லை.

நான்கரைக்கு நான் கீழே சிற்றுண்டிச்சாலைக்குப் போய் இரண்டு ரொட்டியும் தேநீரும் வாங்கி வந்து தாயிடம் நீட்டினேன். வேண்டாம் என்று கையால் காட்டினார். நான் வற்புறுத்தினேன். எங்கள் பக்கம் அதுதான் மரியாதை.

"அங்கிள், நான் ஆறு நாளும் விரதம். பச்சைத் தண்ணியும் பாலும்தான். கோவில்ல பாறணை முடிக்காமல் இதை எப்பிடிச் சாப்பிடுறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

சாப்பிட உட்கார்ந்தவரைத்தான் எழுப்பிக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரொட்டியை நானும் தின்னவில்லை.

ஏழு மணிக்கு மருத்துவர் வந்து சிறுமியை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். இரண்டையும் செய்துவிட்டு அவளாகவே மற்றக் காலிலும் நின்று காட்டினாள். வீட்டுக்குப் போகலாம், இரவு பக்கத்திலேயே படுங்கள், ஏதாவது என்றால் உடனே வாருங்கள் என்றார். தாய் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். பிறகு எழுந்து என்னிடம், "வாங்கோ, கோவிலுக்குப் போவம். மலரக்கா பாத்துக்கொண்டிருப்பா" என்றார். வேலை முடித்து வந்த அவர் கணவர் காரை ஓட்டினார். கார்க் கண்ணாடியில் என்னை இரண்டு முறை முறைத்தார். அதில் நியாயம் இருந்தது.

கோவிலில் விளக்கு எரிந்தது. மலரக்காவும் சாப்பிடாமல் காத்திருந்தார். தாய்க்கும் மலரக்காவுக்கும் இரண்டு இலை போட்டுப் பொங்கல் வைத்தார்கள். மூன்றாவதாக எனக்கும் ஓர் இலையைத் தள்ளினார் மலரக்கா. "இருங்கோ அண்ணை, நிண்டுகொண்டு பாக்காதேங்கோ." தாய் கண்ணை மூடிக் கும்பிட்டு முதல் கவளம் எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் என் இலையைப் பார்த்தேன்.

ஆரபி தாயின் இலையைக் கிளறினாள். "அம்மா, பச்சைக் கஜு இல்லையோ?"

"மாமாவைக் கேள்" என்றார் தாய்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளைக் கஜு கொண்டுவருகிறேன்" என்றேன். அவள் சந்தேகத்தோடு பார்த்தாள்.

கொண்டுபோனேன். தமிழ்க் கடையில் கிடைத்ததைத்தான் வாங்கினேன், பிளந்ததும் கருகியதும் அதில் இருந்தன, பிரித்துப் பார்க்கவில்லை. குமரவேலிடம் பத்து கிலோ வராது என்று சொல்லிவிட்டேன். அவன் விலைப்பட்டியலை என்ன செய்தான் என்று தெரியாது.

களிம்பு ஒன்பது யூரோ நாற்பத்தைந்து. ரயில் சீட்டு இருபத்து நான்கு தொண்ணூறு. அபராதம் அறுபது. வாடகைக் கார் முப்பத்தொன்று இருபது. நான்கு பாக்கெட் முந்திரி பதினேழு தொண்ணூற்றாறு. ஆரபி பெயரில் செய்த உபயம் நூற்றியொன்று. ஆக மொத்தம் இருநூற்று நாற்பத்து நான்கு யூரோ ஐம்பத்தொரு சென்ட்.